சாக்கெட்டில் உட்காரும், ஆனால் ஓடாது

என் மேசைக்கு அடியில் 2011ஆம் ஆண்டு மாடல் பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. அலுவலகங்களுக்காக மொத்தமாகச் செய்து தள்ளுகிற ஒல்லிப் பெட்டி வகை. என்னிடம் வந்தபோது உள்ளே இருந்த ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ3-2120: இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும் வேலைகள்), 3.3 கிகாஹெர்ட்ஸ். கூடவே 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்போது அதில் ஐ7-2600 ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் தவறான ப்ராசஸர் ஒன்றை வாங்கினேன், மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின்னை வளைத்தேன், ஒரு வாரம் விசிறி இரைச்சலோடு குடித்தனம் நடத்தினேன். ப்ராசஸரைக் கழற்றி மாட்டுவது கால் மணி நேர வேலைதான். மற்றதெல்லாம் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆனது.

பெட்டி மெதுவாக இருக்கிறது என்றதும் என் கை நேராக ப்ராசஸருக்குத்தான் போகப் பார்த்தது. நல்லவேளையாக, அதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை பார்த்தேன். பிரவுசர் திணறும் நேரத்தில் சிபியு, அதாவது ப்ராசஸர், 15, 20 சதவீதத்தில் சும்மா இருந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ரேமும் நிரம்பி வழிந்தது. அந்த நிலையில் எந்த ப்ராசஸரைப் போட்டாலும் அது ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கத்தான் செய்யும். முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அப்புறம் ரேம் 8 ஜிபி. இந்த இரண்டிலேயே பெட்டிக்கு மறுபிறவி வந்துவிட்டது. ஒரு வருடம் ப்ராசஸர் நினைப்பே வரவில்லை.

அப்புறம் பழைய வீடியோக்களைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையில் இறங்கினேன். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒரு மணி நேர வீடியோ ஒன்றை மாற்ற 52 நிமிடம் ஆனது. அந்த 52 நிமிடமும் நான்கு த்ரெட்டும் 100 சதவீதத்தில். டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தது. சரி, இப்போதுதான் ப்ராசஸரின் முறை என்று தெரிந்தது. எது முட்டுகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். சொல்கிற நான் அடுத்த படியிலேயே சறுக்கினேன்.

சறுக்கியது இப்படி. ஐ3-2120இன் சாக்கெட் எல்ஜிஏ 1155. அந்தச் சாக்கெட்டில் இரண்டு தலைமுறை ப்ராசஸர்கள் வந்தன. 2011இல் சாண்டி பிரிட்ஜ், 2012இல் ஐவி பிரிட்ஜ். முதலாவதின் பெரிய பிள்ளை ஐ7-2600, இரண்டாவதின் பெரிய பிள்ளை ஐ7-3770. இரண்டுக்கும் நான்கு கோர், எட்டு த்ரெட். 2600 எடுத்துக்கொள்வது 95 வாட், 3770 எடுத்துக்கொள்வது 77 வாட். வேகமும் 3770இல் கொஞ்சம் கூடுதல். சாக்கெட் ஒன்றே, வாட் குறைவு, வேகம் அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பயன்படுத்திய ஐ7-3770 ஒன்றை வாங்கிவிட்டேன்.

வந்தது. மாட்டினேன். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தது. பவர் பட்டனை அமுக்கினேன். விசிறி முழு வேகத்தில் சுழன்றது, நான்கைந்து நொடியில் நின்றது, மறுபடி சுழன்றது. பட்டன் விளக்கு வழக்கமான நிறத்தை விட்டு ஆரஞ்சில் மினுக்கியது. திரையில் ஒன்றுமில்லை. கழற்றி மாட்டினேன். ரேமைக் கழற்றி ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். பயாஸ் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பேட்டரியை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது முறை கழற்றி மாட்டும்போது கை நடுங்க ஆரம்பித்திருந்தது, அதன் பலன் பின்னால் வருகிறது. கடைசியில் பழைய ஐ3-ஐ வைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் வந்து நின்றது.

காரணம் சிப்செட். மதர்போர்டில் ப்ராசஸருக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவே இருக்கிற சிப் அது. என் போர்டில் இருந்தது க்யூ65. 1155 சாக்கெட்டின் முதல் வரிசைச் சிப்செட்டுகளில் எச்61, எச்67, பி67 (P67), இசட்68 ஆகியவை பயாஸ் அப்டேட்டோடு ஐவி பிரிட்ஜை ஏற்கும். ஆனால் அலுவலகப் பெட்டிகளுக்கான பி65 (B65), க்யூ65, க்யூ67 மூன்றுக்கும் இன்டெல் அந்த ஆதரவைத் தரவில்லை. ஏற்கும் சிப்செட்டுகளிலும்கூட பயாஸ் மட்டும் போதாது. சிப்செட்டுக்குள் ஓடும் மேனேஜ்மென்ட் எஞ்சின் ஃபர்ம்வேரும் 7ஆம் பதிப்பிலிருந்து 8க்கு மாற வேண்டும். பெட்டியைத் தயாரித்தவர் அந்த அப்டேட்டை வெளியிட்டிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அசெம்பிள்டு சிஸ்டத்தில் மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் எந்த ப்ராசஸர் எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். பிராண்டட் பெட்டிக்கு அப்படிப்பட்ட பட்டியல் பெரும்பாலும் கிடைக்காது. பெட்டியோடு சேர்த்து என்னென்ன விற்றார்களோ, அவற்றை அடையாளம் காண மட்டும் பயாஸுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தேவைப்பட்டது இரண்டு நிமிடம். சிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் மெயின்போர்டு என்ற தாவலைத் திறந்தால் சிப்செட் பெயரும் பயாஸ் பதிப்பும் அங்கேயே எழுதியிருக்கும். வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய இரண்டு நிமிடம். அந்த 3770 வீணாகவில்லை. பி75 (B75) சிப்செட் போர்டு வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் போய் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது முறை ஒழுங்காகத் தேடினேன். பிராண்டட் பெட்டிகளுக்கு சர்வீஸ் மேனுவல் என்று ஒன்று உண்டு. பழுது பார்ப்பவர்களுக்கான புத்தகம். தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டால் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் உதிரிபாகப் பட்டியல் இருக்கும். ப்ராசஸர் என்ற தலைப்பின் கீழே அந்த மாடலோடு விற்ற எல்லாவற்றையும் எண்ணோடு போட்டிருப்பார்கள். என் பெட்டிக்கு ஐ3-2100, ஐ3-2120, ஐ5-2400, ஐ5-2500, ஐ7-2600 என்று இருந்தது. அதே பெட்டி, அதே போர்டு, அதே பவர் சப்ளை, உள்ளே மட்டும் ஐ7. தொழிற்சாலையிலேயே அப்படி ஒரு அண்ணன் பிறந்திருக்கிறான் என்றால் தம்பிக்கும் அது ஒத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலைத் தாண்டி எதையும் வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் 65 வாட்டுக்கு ஓர் உதிரிபாக எண், 95 வாட்டுக்கு இன்னோர் எண். படித்தேன், தாண்டிப் போய்விட்டேன்.

வாங்கும்போது எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். 2600 என்பதற்குப் பின்னால் எஸ் வந்தால் அது 65 வாட். அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் டர்போவில் (தேவைப்படும்போது தானாகக் கூடும் வேகம்) 3.8 வரை போகும். காற்றோட்டமே இல்லாத பெட்டிகளுக்கு உண்மையில் நல்ல தேர்வு. கே வந்தால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டலாம் என்று பொருள். க்யூ65 போர்டில் அது வெறும் அலங்காரம். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வர்களுக்கான ஜியான் இ3-1230 பக்கம் போகிறவர்கள் உண்டு. அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் போட்டால் எல்லாம் ஓடும், திரை மட்டும் வராது.

பயன்படுத்திய ப்ராசஸரின் மேல் தகட்டில் பெயரோடு ஒரு சிறு குறியீடும் பொறித்திருக்கும். ஐ7-2600க்கு அது எஸ்ஆர்00பி. அந்த எண்ணை வைத்துப் பெயர் உண்மையா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். பெயருக்குப் பதில் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. பிராண்டட் போர்டுகளில் அது ஓடுமா என்பது சூதாட்டம், தொடாதீர்கள். அடிப்பக்கத்தின் படமும் கேட்டு வாங்குங்கள். தங்கப் புள்ளிகளின் நடுவே கடுகளவு உறுப்புகள் கொஞ்சம் இருக்கும். அதில் ஒன்று பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். ஏஎம்டி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி. சில ரைசன் ப்ரோ, த்ரெட்ரிப்பர் ப்ரோ, எபிக் ப்ராசஸர்களை ஒரு தயாரிப்பாளரின் போர்டில் முதல் முறை ஓட்டும்போதே நிரந்தரமாக அந்த நிறுவனத்துக்கென்று பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டியதை வேறு நிறுவனப் பெட்டியில் போட்டால் ஓடாது. விற்பவரிடம் எந்தப் பெட்டியிலிருந்து கழற்றியது என்று கேட்டே ஆக வேண்டும்.

புது ப்ராசஸர் கைக்கு வருவதற்குள் பயாஸை அப்டேட் செய்து முடித்தேன். இதில் ஒழுங்கு முக்கியம்: பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதை மாட்டிவிட்டு, அது ஓடவில்லை என்றானபின் இந்த மாதிரிப் பெட்டியில் பழையதைத் திரும்ப மாட்டாமல் அப்டேட் செய்ய வழி இல்லை. என் பெட்டியில் இருந்த பயாஸ் மிகப் பழையது என்பதால் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ விடவில்லை. நடுவில் ஒரு பதிப்பைப் போட்டு, அப்புறம் கடைசிப் பதிப்பு. டிரைவை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் பயாஸ் மாறியதும் ரெகவரி கீ கேட்டு நிற்கும், அந்த 48 இலக்க எண்ணை எங்கே எழுதி வைத்தோம் என்று அப்போதுதான் தேடுவோம். அப்டேட் ஓடும் மூன்று நிமிடம் மின்சாரம் போகக்கூடாது. நான் யுபிஎஸ் இல்லாமல் செய்தேன். இனி செய்ய மாட்டேன்.

இனி அந்தக் கால் மணி நேரம். பெட்டியைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓட விட்டேன். சூடானால் ஹீட் சிங்குக்கு அடியில் இருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் கொஞ்சம் இளகும். அப்புறம் அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்டேன். எந்த வயர் எங்கே என்று நாலு படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் முன்பக்க யுஎஸ்பி வயரை இன்றும் தேடிக்கொண்டிருப்பேன்.

ஹீட் சிங்கில் நான்கு ஸ்க்ரூ. ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிர் மூலைகளாக இரண்டு இரண்டு சுற்று. தளர்ந்தபின் நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருகினேன். பேஸ்ட் பழைய சுண்ணாம்புச் சுவர்போல் பொருக்குத் தட்டிப்போயிருந்தது. இன்டெலின் இந்த வகைச் சாக்கெட்டில் ப்ராசஸரை ஓர் இரும்புச் சட்டம் பிடித்திருக்கும், அதனால் பயமில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 வரை பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், மேலே பிடிக்கச் சட்டம் கிடையாது. நேராக வெடுக்கென்று இழுத்தால் ஹீட் சிங்கோடு ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைய அது ஒன்று போதும்.

பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன். லீவரை விடுவித்துச் சட்டத்தைத் தூக்கி, ஐ3-ஐ இரண்டு விரலால் ஓரம் பிடித்து எடுத்தேன். புதியதின் மூலையில் இருக்கும் சிறு தங்க முக்கோணமும் இரண்டு ஓரப் பள்ளங்களும் சாக்கெட்டோடு பொருந்துமாறு வைத்து, செங்குத்தாக இறக்கினேன். அமுக்கவே கூடாது; அது தன் எடையில் உட்கார வேண்டும். சட்டத்தை மூடி லீவரை இறக்கும்போது மட்டும் பலம் வேண்டும். கறகறவென்று ஒரு சத்தம் வரும். எதையோ உடைக்கிறோம் என்று வயிறு கலங்கும். உடையாது, அடியில் இருக்கும் 1155 குட்டி ஸ்பிரிங்குகளும் ஒன்றாக அமுங்குகிற சத்தம் அது. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, ஹீட் சிங்கை இறக்கி, எதிரெதிர் மூலைகளாக முடுக்கினேன்.

டிஸ்ப்ளே வந்தது! ப்ராசஸர் மாறியிருக்கிறது, எஃப்1 அழுத்து என்றது. அழுத்தினேன். நாள் 2011 ஜனவரி என்று காட்டியது. பத்து வருடப் பயாஸ் பேட்டரி தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. சிஆர்2032, ஒன்று மாற்றினால் சரி. விண்டோஸ் ஆக்டிவேஷன் போகவில்லை. அது பெரும்பாலும் மதர்போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் 4 கோர், 8 லாஜிக்கல் ப்ராசஸர். சிலருக்கு இங்கே இரண்டோ நான்கோ மட்டும் காட்டும். அலுவலகப் பெட்டிகளின் பயாஸில் மல்டி கோர், ஒரு கோரை இரண்டு த்ரெட்டாக ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் இரண்டையும் அணைக்கும் வசதி உண்டு, யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள்.

எல்லாம் சரி, ரேம் மட்டும் 8க்குப் பதில் 4 ஜிபி.

இரண்டு ரேம் குச்சிகளையும் இடம் மாற்றிப் போட்டேன். இரண்டும் நல்ல குச்சிகள்தான். ஒரு ஸ்லாட் மட்டும் செத்திருந்தது. முன்பு நன்றாக ஓடிய ஸ்லாட். ரேமைக் கட்டுப்படுத்துவது ப்ராசஸரேதான், ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் போகிற கோடுகள் சாக்கெட் பின்கள் வழியாகத்தான் போகின்றன. அப்போது 3770-ஐ மூன்று முறை கழற்றி மாட்டியது நினைவுக்கு வந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. போன் டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். காற்றுக்குச் சாய்ந்த நெல் வயல்போல எல்லாப் பின்னும் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசை வரிசையாக நின்றன. ஓரத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் அக்கம்பக்கத்தோடு சண்டை போட்டதுபோல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி முறை கழற்றியபோது ப்ராசஸரைச் சாய்வாக எடுத்திருக்கிறேன், அதன் மூலை இடித்திருக்கிறது.

0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் ஒன்றில் முள்ளை எடுத்துவிட்டு, அதன் வெற்றுக் குழாய் முனையைப் பின்னின் மேல் செருகி, மயிரிழை அளவு தள்ளினேன். பார்த்தேன். இன்னும் மயிரிழை. ஒரே தள்ளில் நிமிர்த்தப் பார்த்தால் முறிந்துவிடும், முறிந்தால் மதர்போர்டே போச்சு. ஐந்தாறு முறை தொட்டபின் வரிசையோடு சேர்ந்தது. மாட்டினேன், 8 ஜிபி வந்தது. ஸ்க்ரூவை ஒரு பக்கம் அதிகமாக முடுக்கினாலும் இதே மாதிரி ஒரு ஸ்லாட் காணாமல் போகும். அதனால் ரேம் குறைந்தால் முதலில் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சமமாக முடுக்கிப் பாருங்கள், பின்னைத் தேடுவது அப்புறம்.

அன்றிரவு அதே வீடியோவை ஓட விட்டேன். ஐந்து நிமிடத்தில் பெட்டி அலற ஆரம்பித்தது. பக்கத்து அறையிலிருந்து மகள் வந்து, “அப்பா, மிக்ஸி போட்டிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். வெப்பம் 95 டிகிரி செல்சியஸ். எல்லாக் கோரும் ஓடும்போது 3.5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 2.8க்கும் 3க்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தது. 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். எரிந்துபோகாது, ஆனால் ஐ7 வாங்கி ஐ5 ஓட்டுகிற கணக்கு. நான் தாண்டிப்போன அந்த இரண்டாவது எண் இப்போது புரிந்தது. என் பெட்டியில் இருந்தது 65 வாட் ஹீட் சிங்க், முழுக்க அலுமினியம். 95 வாட் ஹீட் சிங்கில் அடிப்பாகத்தில் செம்பு பதித்திருக்கும், உயரமும் கூடுதல்.

கடையில் கிடைக்கும் நல்ல கூலர் ஒன்றைப் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. மூன்று இடத்தில் முட்டியது. ஒல்லிப் பெட்டியில் உயரம் பத்தாது. ஸ்க்ரூக்கள் போர்டின் பின்னால் இருக்கும் தகட்டில் இறங்கவில்லை, கேபினெட்டின் அடித்தட்டிலேயே வார்த்த கால்களில் இறங்குகின்றன. பொதுவான கூலரின் பிடிமானம் அங்கே உட்காராது. விசிறி வயரின் முனையில் ஐந்து துளை. வெளியில் கிடைப்பதெல்லாம் நான்கு துளை. மாற்றி ஒன்று செய்து மாட்டினாலும், விசிறி வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு முறையும் எஃப்1 கேட்டு நிற்கும் பெட்டிகள் உண்டு. மேனுவலில் இருந்த அந்த எண்ணைத் தேடி, கழித்துவிட்ட பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த 95 வாட் ஹீட் சிங்கையே வாங்கினேன். வந்ததும் அதன் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் படிந்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். மாட்டியபின் சும்மா இருக்கும்போது 38, முழு வேலையில் 74 டிகிரி. மிக்ஸி நின்றது.

இடையில் ஒரு விஷயம். 77 வாட் 3770 கண்டிப்பாகக் குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. சாண்டி பிரிட்ஜில் சிப்பையும் மேல் தகட்டையும் ஈயப்பற்று மாதிரி உலோகம் வைத்து ஒட்டியிருந்தார்கள். ஐவி பிரிட்ஜில் அந்த இடத்தில் வெறும் பேஸ்ட். அதனால் வாட் குறைந்தாலும் சூடு வெளியே வரத் திணறும்.

பவர் சப்ளைதான் எல்லோரும் பயப்படும் இடம். என்னுடையது 250 வாட், வடிவமும் இணைப்பும் தயாரிப்பாளரின் சொந்த அளவு, கடையில் மாற்று கிடைக்காது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் 95 வாட் ப்ராசஸர், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ரேம். கூட்டிப் பார்த்தாலே பாதியைத் தாண்டாது. சுவர் ப்ளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். முழு வேலையில் 118 வாட். இதோடு கிராபிக்ஸ் கார்டும் போடப்போகிறேன் என்றால் கதை வேறு.

52 நிமிட வீடியோ இப்போது 23 நிமிடம். அதற்காகத்தான் இத்தனையும் செய்தேன், அது கிடைத்தது. மற்றபடி விண்டோஸ் திறக்கும் நேரம் மாறவில்லை. பிரவுசரில் நூலளவு வித்தியாசம், அதுவும் தெரிந்து பார்த்தால்தான். ஒரே கோரில் ஓடும் வேலைகளுக்கு 3.3லிருந்து டர்போவில் 3.8, அவ்வளவுதானே. ஏற்கெனவே ஐ5-2400 வைத்திருக்கிறவர் 2600க்கு மாறினால் எட்டு த்ரெட்டும் வேண்டிய வேலை இருந்தால் தவிர மெனக்கெட வேண்டாம் என்பேன். விண்டோஸ் 11 வேண்டும் என்பதற்காக ப்ராசஸர் மாற்ற நினைப்பவர்களுக்கும் இது வழியில்லை. இன்டெலில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அங்கிருந்துதான் மைக்ரோசாஃப்ட் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. என் பெட்டியில் இப்போது லினக்ஸ். ஆறு கோர் ஐ5-8500 இருக்கும் பழைய அலுவலகப் பெட்டி ஒன்று முழுதாகக் கைக்கு எட்டும் தொலைவில் கிடைத்தால், நேர்மையாகச் சொல்கிறேன், அதை வாங்கிவிட்டு இந்தக் கதையை மறந்துவிடலாம்.

போன வாரம் பழக்கமான தம்பி ஒருவர் போன் செய்தார். அவரிடம் இருப்பது 6ஆம் தலைமுறை ஐ3 பிராண்டட் பெட்டி, எல்ஜிஏ 1151 சாக்கெட்.

“அண்ணா, ஐ5-8400 ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அதுவும் 1151தான். பின் எண்ணிக்கை ஒண்ணு, சைஸ் ஒண்ணு. வாங்கிடலாம்ல?”

“பணம் கொடுத்துட்டியா?”

“இன்னும் இல்லை.”

சிபியு-இசட் திறந்து மெயின்போர்டு தாவலைப் படிக்கச் சொன்னேன். எச்110 என்றார். 2017 கடைசியில் வந்த 8ஆம் தலைமுறைக்கு இன்டெல் 300 வரிசைச் சிப்செட்டைக் கொண்டுவந்தது; சாக்கெட் பெயர் அதேதான், பின்களில் மின்சாரம் போகும் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். எச்110இல் 6ஆம், 7ஆம் தலைமுறையோடு சரி, 7ஆம் தலைமுறைக்கும் பயாஸ் புதிதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்போ ஐ7-6700 போகுமா?”

“சர்வீஸ் மேனுவல் இறக்கிட்டியா?”

“இறக்கறேன்.”

“ஹீட் சிங்க் எண் எத்தனை போட்டிருக்குன்னும் பார்த்துச் சொல்லு” என்று வைத்தேன்.